ஆறு பிளக் பெட்டி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை விழுங்குகிறாளா, இல்லை கன்னத்தில் ஒதுக்கி வைத்து, நீ அந்தப் பக்கம் திரும்பியதும் துப்புகிறாளா? எனக்கு முதல் வாரம் சாப்பிட்டதெல்லாம் வந்த வழியே திரும்பிப் போனது. இப்போது கப்பல் ஆடினால் நானும் கூடவே ஆடிவிடுகிறேன். வயிறு சமாதானமாகிவிட்டது.

வேலை இதுதான். பயணிகள் ஏறுகிற வாசலில் ஒரு ஸ்கேனர். பைகள் அதற்குள் போகும், நான் திரையைப் பார்ப்பேன். சூடாகிற எதுவும் அறைக்குள் போகக் கூடாது. இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ஹீட்டர், கொசு விரட்டும் மின்சாரக் குப்பிகூடக் கூடாது. அதோடு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். தலைமுடி உலர்த்துகிற மெஷினை மட்டும் விட்டுவிடுவோம். ஏதாவது தட்டுப்பட்டால் பையை மேஜைக்கு எடுத்து வந்து, யாருடையது என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு மனிதர்கள் எப்படி முழிக்கிறார்கள் தெரியுமா! நேற்று ஒருவர் இஸ்திரிப் பெட்டியைக் குளியல் துண்டில் சுற்றிக் கைக்குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி வைத்திருந்தார். வெளியே எடுத்ததும் மனைவியைப் பார்த்து, "இது எப்படி நம்ம பைக்குள்ள வந்துச்சு?" என்றார். அந்த அம்மா, "நடந்து வந்திருக்கும்" என்றார். எங்கள் பாதுகாப்பு அதிகாரி சிரிக்கவே மாட்டார். அவரே திரும்பி நின்றுகொண்டார்.

பிடிபட்டதற்கெல்லாம் அட்டை கட்டி ஓர் அறையில் பூட்டி வைப்போம். பயணம் முடிந்து இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீ உன் கையால் செய்து என் பையில் வைத்துவிட்ட ஆறு பிளக் பெட்டி என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. சேர்ந்த நாளில் ஒரே கூட்டம், என் பையை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. விதி எனக்குத் தெரிந்ததே மூன்றாவது நாள்தான். அறையில் இரண்டு பேர், ஒரே ஒரு பிளக் பாயின்ட். கூட இருப்பவனை எல்லோரும் நெட்டையன் என்கிறார்கள். துணி தேய்க்கும் பிரிவில் வேலை. கட்டில் அவனுக்குப் பத்தாது, திரைச்சீலைக்கு வெளியே கால் நீட்டியிருக்கும். தொப்பியைத் தன் கால் கட்டைவிரலிலேயே மாட்டி வைத்துக்கொண்டு தூங்குவான். அவனுக்கு உன் பெட்டி என்றால் உயிர். "உங்க அக்கா கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்" என்கிறான். ஒப்படைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

எல்லோரையும் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

•

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதாக இல்லை. அம்மா மாத்திரையை இப்போது என் எதிரில் விழுங்கி வாயைத் திறந்து காட்டுகிறாள், "பார்த்துக்க போலீசம்மா" என்று. உன் கடிதத்தை ரிப்பேர் கடையிலேயே உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். இஸ்திரிப் பெட்டிக் குழந்தையை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

போன் செய்யாமல் எழுது என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். போனில் நீ "ம்", "நல்லாருக்கேன்", "சிக்னல் இல்ல" என்று மூன்று சொல்லில் ஓடிவிடுவாய். காகிதத்தில் ஓட முடியாது.

பெட்டி விஷயம். அந்த விதியெல்லாம் நடைபாதையில் விற்கிற பெட்டிக்கு. உள்ளே தகரத்தைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்துப் பேருக்கு அமுக்கி வைத்திருப்பான். நான் பித்தளையில் முனை வைத்து, தடித்த ஒயர் போட்டு, ஒவ்வொரு திருகாக முறுக்கியது. அதற்கும் மேலே, கரண்ட் திடீரென்று எகிறினால் தாங்குகிற, காசு அளவு வில்லை ஒன்றும் வைத்திருக்கிறேன். இடியே இறங்கினாலும் உன் போன் பிழைக்கும். இருபது வருஷமாக ஃபேனுக்கும் மிக்ஸிக்கும் காயில் கட்டுகிறவள் சொல்கிறேன், பேசாமல் வைத்துக்கொள். நெட்டையனிடம் சொல், கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டாம், அழுக்குக் கை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

•

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் துறைமுக ஏஜென்ட் வழியாக நேற்று வந்தது. அம்மாவும் நீயும் சுகமாக இருப்பதில் சந்தோஷம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உட்காரத்தான் முடியவில்லை. எங்கள் அறையில் நான்கு எட்டு வைத்தால் சுவர். வேலை முடிந்து வந்தால் உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், நடைவழியில் இந்தக் கோடி அந்தக் கோடி நடக்கிறேன். நெட்டையன், "தரை தேயுதுடா, அதுக்கும் சேர்த்து இஸ்திரி போடச் சொல்லப் போறாங்க" என்கிறான்.

அவன் நல்லவன் அக்கா. எனக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாளும் தன் ஷிப்ட் முடிந்து வந்து என் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்துவிட்டுத்தான் படுத்தான். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கியிருக்கிறேன். என் சூட்கேஸில் இடமில்லை, அவன் சூட்கேஸில் வைத்திருக்கிறேன். செப்டம்பரில் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் ஒப்பந்தம் முடிகிறது.

ஒரு சந்தேகம். போன வாரம் கப்பல் எலக்ட்ரீஷியனோடு சாப்பிட்டேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஏன் இவ்வளவு கறாராகப் பிடுங்குகிறோம் என்று பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். "மட்டமான பெட்டியைவிட நல்ல பெட்டிதான் இங்க ஆபத்து. அந்தப் பாதுகாப்பு வில்லை இருக்கு பாரு, அதுதான் எமன். கப்பல் கரண்ட் வேற" என்றார். மேலே கேட்டால் சந்தேகப்படுவாரோ என்று விட்டுவிட்டேன். அவர் சொல்வது சரியா? உனக்குத் தெரியுமே என்றுதான் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன் பதில் வந்ததும் என்ன செய்வதென்று பார்க்கிறேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் தம்பி

•

ஏப்ரல் 14

தம்பிக்கு,

அம்மா நலம். நானும் நலம்.

அந்தப் பெட்டியை உடனே கழற்று. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம், போய்க் கழற்றிவிட்டு வந்து படி.

கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்கிற ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். வீட்டுக்கு வருகிற இரண்டு கம்பியில் ஒன்றுதான் கடிக்கும், மற்றது மண்ணோடு கட்டப்பட்டது. கப்பலில் அப்படிக் கட்டுவதில்லையாம். இரண்டுமே கடிக்கும். நான் வைத்த வில்லையின் வேலை, எகிறுகிற கரண்டை எர்த்துக்குத் தள்ளுவது. கப்பலில் எங்கோ ஒரு மூலையில் ஏதோ ஒரு கம்பி இரும்பைத் தொட்டுவிட்டால், அது எந்நேரமும் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளித் தள்ளிச் சூடாகும். சுவிட்சை அணைத்தாலும் பயனில்லை. ஒரு கம்பிதான் துண்டாகும், மற்றது உயிரோடு இருக்கும்.

தரையில் உன்னைக் காப்பாற்ற வைத்தது. தண்ணீரில் வேறு மாதிரி. எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஒப்படைத்துவிடு. திட்டினால் வாங்கிக்கொள். கழற்றிவிட்டாய் என்று ஒரு வரி எழுது.

அக்கா

•

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெட்டியை ஒப்படைத்துவிட்டேன். கவலைப்பட வேண்டாம். நான் நலமாக இருக்கிறேன். வேலை அதிகம். நெட்டையன் ஊருக்குப் போய்விட்டான். அறையில் நான் மட்டும்தான், வசதியாக இருக்கிறது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

•

மே 18

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். ஆனால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்குக் காதுதான் மந்தம். உன் காகிதத்தை வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா? பின்பக்கம் பாரு" என்றாள். பின்பக்கம் ஒன்றுமில்லை என்றேன். "ஒருத்தன் ஊருக்குப் போனா எதுக்குப் போனான், எப்ப வருவான்னு எழுத மாட்டானா?" என்கிறாள். நியாயம்தானே? செப்டம்பரில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இறங்குவோம் என்று நீதான் எழுதியிருந்தாய். அவன் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? பெட்டியை ஒப்படைத்தபோது உன்னை ஏதாவது செய்தார்களா?

கால் கொஞ்சம் தேவலை. கடை வாசலில் புதிதாக ஒரு படி வைத்திருக்கிறேன், ஏறி இறங்க எளிது. உன் உடம்பு இளைத்திருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

பின்பக்கமும் எழுது.

அக்கா

•

ஜூன் 9

தம்பிக்கு,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, பதில் நடந்தே வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கிரைண்டர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசல் மறைத்தது. நிமிர்ந்தால் தலை நிலையில் இடிக்காமல் குனிந்துகொண்டு ஓர் ஆள். யாரென்று அவன் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு மணி நேரம் பஸ்ஸில் நின்றபடியே வந்திருக்கிறான், அம்மாவின் சால்வையைக் கொடுக்க.

"தபால்ல போட்டிருக்கலாமேப்பா" என்றேன்.

"கைல குடுக்கறேன்னு சொன்னேன்கா, அதான்" என்றான்.

இடது கையால் கொடுத்தான். வலது கை சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. டீ கொடுத்தேன், அதற்கும் இடது கை. நான் விடுவேனா? "அந்தக் கைய எடு" என்றேன். சின்னப் பையன் மாதிரி எடுத்துக் காட்டினான். நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையோடு ஒட்டி மடங்கி நிற்கின்றன. நிமிர்வதில்லை.

"என்ன ஆச்சு?"

"வேலைல இஸ்திரிப் பெட்டி சுட்டுடுச்சுக்கா. நம்ம கவனக்குறைவுதான்."

தம்பி, என் கையில் இருபது வருஷத்தில் எல்லாமும் பட்டிருக்கிறது. இஸ்திரிப் பெட்டி சுட்டால் தழும்பு தட்டையாக, ஓரம் வெட்டினாற்போல இருக்கும். இது அப்படி இல்லை. உருகின பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு, பிய்த்தெடுத்த இடம். சொட்டுச் சொட்டாகக் கறுப்பு இன்னும் தோலுக்குள் இருக்கிறது. அவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தது. யாருக்காகச் சொல்கிறான் என்பதும் கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. ஏனென்றால் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதம் ஒரே அறையில் இருந்தவன், "தம்பி லெட்டர் போட்டானா?" என்றுகூடக் கேட்கவில்லை.

அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு அவனை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாள். இடது கையால் சாப்பிட அவன் கூச்சப்பட்டதைப் பார்த்து ஸ்பூன் எடுத்துக்கொடுத்தாள். வேலை போய்விட்டதாம். விதியை மீறினான் என்று எழுதி அனுப்பிவிட்டார்களாம். எந்த விதி என்று கேட்டால் சிரிக்கிறான்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். எழுது. நான் செய்த பெட்டி எங்கே?

அக்கா

•

ஜூன் 24

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. இந்தத் தாளை அம்மாவுக்கு வாசிக்காதே.

ஏப்ரல் 6. மத்தியானம் மூன்று மணி. உன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பெட்டி கட்டிலுக்கடியில், சுவர் பிளக்கில் செருகியபடியேதான் இருந்தது. அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை, அதன் சுவிட்சும் அணைத்திருந்தது. அது போதும் என்று நினைத்திருந்தேன். நான் வாசலில் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெட்டையன் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். புகை வந்து எழுந்து பார்த்தால் என் மெத்தையின் ஓரம் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஒயரைப் பிடுங்கி, பெட்டியைக் கையோடு எடுத்துக் கழுவும் தொட்டியில் போட்டிருக்கிறான். உருகிய பிளாஸ்டிக் அவன் கையோடு ஒட்டி வந்துவிட்டது. அலாரம் அடித்து ஆட்கள் ஓடி வந்தபோது தீ அணைந்திருந்தது. கப்பலில் மூவாயிரம் பேர் அக்கா. மேல் தளத்தில் ஒரு பயணிக்கும் தெரியாது.

மறுநாள் விசாரணை. கையில் கட்டோடு அவனை உட்கார வைத்திருந்தார்கள். அதிகாரி அவனைக் கேட்டார், "பெட்டி யாருது?" அவன், "எங்க ரூம்ல இருந்துச்சு சார்" என்றான். என் பக்கம் திரும்பி, "உன்னுதா?" என்றார்.

"நான் பார்த்ததே இல்ல சார்" என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை. யோசித்துச் சொல்லவில்லை. அவன் என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன், சொல்லவில்லை. பாதுகாப்புப் பிரிவில் இருப்பவன் பொய் சொல்ல மாட்டான் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் துறைமுகத்தில் அவனை இறக்கிவிட்டார்கள்.

கழற்று என்று நீ எழுதிய கடிதம் அதற்குப் பிறகு வந்தது. ஒப்படைத்துவிட்டேன் என்று உனக்குப் பொய் எழுதினேன். வேலைக்குப் பயந்தேன் என்பது உண்மை. இன்னொன்றும் உண்மை. அவன் கையில் ஒட்டியது உன் கையால் செய்தது என்று உனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். இதில் எது பெரியது என்று எனக்கே தெரியவில்லை. தினமும் ஷிப்ட் முடிந்து ஏழாவது தளத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். நின்றால் என்னவோ செய்கிறது.

செப்டம்பரில் ஒப்பந்தம் முடிந்ததும் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இரண்டே மாதம்தான். அதுவரைக்கும் பொறுத்துக்கொள் அக்கா.

தம்பி

•

ஜூலை 8

தம்பிக்கு,

அம்மா நலம். நான் நலமாக இல்லை, கால் வலியால் அல்ல.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். உன் மார்ச் கடிதம் எனக்கு ஏப்ரல் 2-ஆம் தேதியே வந்துவிட்டது. வில்லைதான் எமன் என்று எவனோ சொன்னதை நீயும் நம்பிக் கேட்டிருந்தாய். எனக்குச் சுருக்கென்றது. என் வேலையைச் சந்தேகப்படுகிறானா என்று காகிதத்தை மடித்து ஸ்குரூ டப்பாவுக்குள் செருகினேன். பதினோரு நாள். பிறகுதான் போய் விசாரித்தேன். தபாலுக்குப் பதில் போன் செய்திருக்கலாம். அன்றே கேட்டு அன்றே போன் செய்திருந்தால் நான்கு நாள் மீதி இருந்தது. ஏப்ரல் 14-ஆம் தேதிக் கடிதத்தில் இதை எழுதவில்லை. ரோஷம். இப்போது எழுதுகிறேன். நெட்டையனின் விரலில் ஒன்று என் கணக்கில்.

இனி உன் பங்கு. இரண்டே மாதம் என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு இரண்டே மாதம்? அவன் வேறு கப்பலுக்கு மனுப் போட்டிருக்கிறான். விதி மீறித் தீ வைத்தவன் என்று பேர் இருப்பதால் வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள். அதை அவன் சொல்லவில்லை. அவன் அப்பாவிடம் போனில் பேசித் தெரிந்துகொண்டேன். அவருக்கும் மகன் சொன்ன கதை இஸ்திரிப் பெட்டிதான்.

கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். பெட்டியைச் செய்தது நான், கொண்டு போனது என் தம்பி, உள்ளே என்னென்ன வைத்தேன், எந்தத் திருகு எங்கே என்று படமும் போட்டிருக்கிறேன். ஜூலை 31 வரை என் மேஜைக்குள் இருக்கும். அன்று மாலை தபாலில் போடுவேன். அதற்கு முன் நீயே சொன்னால் நல்லது. நான் சொல்லித்தான் நீ மாட்டினாய் என்று ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மூன்று வாரம். உனக்காகத்தான், அதையும் மறக்காதே.

சாப்பிடாமல் இருக்காதே.

அக்கா

•

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ என்ன பதில் எழுதியிருக்கிறாய் என்று தெரியாது, இன்னும் வரவில்லை. வந்து சேரும்போது நான் கப்பலில் இருக்க மாட்டேன். சொல்லிவிட்டேன்.

வீரமாக எல்லாம் சொல்லவில்லை. நடந்ததைக் கேள். நேற்று முன்தினம் புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேருக்குப் பயிற்சி. மேஜை மேல் பிடிபட்ட சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். கெட்டில், ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி. கடைசியில் அது. பாதி உருகி, ஓரத்தில் பித்தளை தெரிந்தது. அட்டையில் நெட்டையனின் பணியாளர் எண். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "நீ சொல்லு. உன் ரூம்ல நடந்ததுதானே. நேர்ல பார்த்தவன் சொன்னா மனசுல நிக்கும்" என்றார்.

கையில் எடுத்தேன். எடை எனக்குத் தெரிந்த எடை. "இது என்னுது" என்றேன்.

அவர்கள் குறிப்பு எழுதிக்கொண்டார்கள். அதிகாரி தலையாட்டி, "நல்லது. நானே செஞ்ச மாதிரி சொல்றது நல்ல உத்தி. மேல சொல்லு" என்றார். அக்கா, அந்த நிமிஷம் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "உத்தி இல்ல சார். நிஜமாவே என்னுது. எங்க அக்கா செஞ்சு குடுத்தது. அவன் கொண்டு வரல. அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்றேன். இரண்டு பேர் அதையும் எழுதிக்கொண்டார்கள். பிறகுதான் பேனாக்கள் நின்றன.

அறைக்கு அழைத்துப் போய் மூன்று முறை சொல்ல வைத்தார். மூன்றாவது முறை எழுதிக் கையெழுத்து வாங்கினார். திட்டவில்லை. "பதிமூணு வாரம் என் பக்கத்துல நின்னு மத்தவங்க பையெல்லாம் பார்த்திருக்கே" என்றார், அவ்வளவுதான். வரும் 15-ஆம் தேதி துறைமுகத்தில் இறக்கிவிடுகிறார்கள். டிக்கெட் கிடைக்கும்வரை மாலுமிகள் விடுதியில் இருப்பேன். விலாசம் பின்பக்கத்தில். உன் பதிலை அங்கே அனுப்பு. நெட்டையனின் விலாசமும் வேண்டும்.

உடம்பு நன்றாக இருக்கிறது. நேற்று நடக்காமல் தூங்கினேன். இன்று மறுபடி நடக்கிறேன்.

தம்பி

•

ஜூலை 24

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். என் கடிதமும் உன் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் எழுதியது உன்னைத் தேடி அங்கே வந்தால் படி, படிக்காமல் விடாதே, அதில் என் பங்கும் இருக்கிறது. மேஜைக்குள் இருந்த கடிதத்தை இன்று காலை தபாலில் போட்டேன். நீ சொல்லிவிட்டாயே, பிறகு எதற்கு என்று கேட்பாய். நான் சொல்ல வேண்டியதை நீ சொல்ல முடியாது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துவிட்டேன். கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு அன்னிக்கு இன்னொரு கரண்டி போட்டிருக்கலாம்" என்றாள்.

நெட்டையன் விலாசம் கீழே. டயர் கடைக்கு மேல் மாடி. உன்னோடு நான் வர மாட்டேன். முதலில் அங்கே போ, பிறகு வீட்டுக்கு வா. அவன் சிரிக்க வைப்பான். நீ சட்டென்று சிரித்துவிடாதே.

அக்கா

•

ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

அவன் ஊரில் ஒரு லாட்ஜிலிருந்து எழுதுகிறேன். பஸ் ஏறினால் நானே இந்தக் கடிதத்துக்கு முன்னால் வந்துவிடுவேன். ஆனாலும் எழுதுகிறேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல வராது. அம்மா எப்படி இருக்கிறாள்?

காலை பத்து மணிக்குப் போனேன். கீழே டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் விட்டு விட்டு இரைகிறது. ஒவ்வொரு முறையும் பேச்சை நிறுத்தி, அது நின்றதும் தொடர வேண்டும். அவன் கதவைத் திறந்து, "வாடா. உங்க அக்கா லெட்டர் போட்டிருந்தாங்க" என்றான். டீயை இடது கையால் ஊற்றினான். நான் எழுந்தேன், "உட்காரு" என்றான்.

கம்பெனி அவன் பேரைச் சரிசெய்துவிட்டது. மறுபடி வேலைக்கும் கூப்பிட்டிருக்கிறது. கடிதத்தைக் காட்டினான். "வருந்துகிறோம்னு ரெண்டு தடவ போட்டிருக்கான், வெரலுக்கு ஒண்ணு" என்றான். நீ சொன்னது ஞாபகம் வந்தது, சிரிக்கவில்லை. இஸ்திரி பிரஸ்ஸின் பிடியை அந்தக் கையால் அழுத்த முடியாது, போக மாட்டேன் என்றான். துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம். இப்போது திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

மன்னிப்புக் கேட்டேன். தயார் செய்துகொண்டு போனதில் பாதிதான் வந்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கை போனது உன்னால இல்லடா. அது எரிஞ்சுது, நான் புடிச்சேன். யாரா இருந்தாலும் புடிச்சிருப்பான்" என்றான்.

மெஷின் இரைந்தது. நின்றது.

"விசாரணைல நீ இல்லேன்னதும் பரவால்லன்னு இருந்தேன். பயந்துட்டான், நாளைக்குச் சொல்லிடுவான்னு நெனச்சேன். மறுநாள் நெனச்சேன். எறக்கிவிடற அன்னிக்கும் நெனச்சேன்" என்றான்.

அக்கா, உனக்கு நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதிகாரியிடம் மூன்று முறை சொன்னபோதும் சொல்லவில்லை. வேலையிலிருந்து நீக்கப்பட்டு இறங்குகிறவர்களின் பையைச் சோதித்துத்தான் வெளியே விட வேண்டும். அன்று அந்த வாசலில் நான்தான் நின்றேன். அவன் கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு வந்தான். பையை ஒற்றைக் கையால் தூக்கி வைக்க முடியாமல் திணறினான். நான் வாங்கி ஸ்கேனரில் விட்டேன். திரையைப் பார்த்தேன். மறுபக்கம் எடுத்துக் கொடுத்தேன். "சரி, போலாம்" என்றேன். வேறு யாரோ ஒரு பயணியிடம் சொல்வது போல.

அதைத்தான் கேட்டான். "என் பைய ஸ்கேன்ல விட்டியே, அப்ப என்னடா நெனச்சே?"

கொஞ்ச நேரம் மெஷின் இரையாதா என்று பார்த்தேன். இரையவில்லை.

"நீ வாயத் தொறந்துடக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போய்க் கழுவினான். ஒரு கையால் கழுவ நேரமாகிறது. நான் எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்து கதவருகே நின்றான்.

"நாளைக்கும் வா" என்றான். "இன்னிக்கு உன்னப் பார்த்தது போதும்."

விடுதியிலிருந்து போட்ட கார்டில், வியாழக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். வரவில்லை. லாட்ஜில் இன்னும் இரண்டு நாளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், தேவைப்பட்டால் நீட்டிக்கொள்ளலாம். அம்மாவிடம் சொல். நான் நன்றாகச் சாப்பிட்டேன், உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் தம்பி